ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: போன், டேப்லெட், சிம் சமாசாரம்

அக்டோபர் செமஸ்டருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குக்கர் எத்தனை லிட்டர், புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் விமானத்தில் விடுவார்களா என்று. அதெல்லாம் இங்கே ஆசியக் கடைகளில் கிடைக்கும். இங்கே கிடைக்காத சரக்கு உங்கள் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி. வங்கி, ஆதார், வருமான வரித் தளம், பிஎஃப், டிஜிலாக்கர் எல்லாம் அந்த ஒரு எண்ணைத்தான் நம்பி நிற்கின்றன. ஆதார் ஓடிபி வெளிநாட்டு எண்ணுக்கு வராது. எனவே இந்திய சிம் இனிமேல் பேசுவதற்கு அல்ல, ஓடிபி வாங்குவதற்கு மட்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முடிவை எடுத்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

முதல் வேலை, புறப்படுவதற்கு முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி வைப்பது. இங்கே இறங்கிய பிறகு அதை இயக்கப் போனால், அதற்கும் ஓர் ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி வர ரோமிங் வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு ஜெர்மனியில் ரோமிங் உண்டா, ப்ரீபெய்டுக்கும் உண்டா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை, ஆனால் பேக் உயிரோடு இருக்க வேண்டும். இணையம் சேர்ந்த பேக் உங்களுக்குத் தேவையே இல்லை. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்கை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. சிறப்பு பேக்குகளின் அதிகபட்சக் காலத்தையும் அதே விதி 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. ஒரு வருஷத்துக்கு ஒரே தடவையாகப் போட்டுவிட்டால், மாதாமாதம் அம்மாவுக்கு போன் செய்து ரீசார்ஜ் பண்ணச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து நாமே போடலாமே என்றால், ஜெர்மன் கார்டை இந்திய ரீசார்ஜ் ஆப்கள் பல நேரம் ஏற்காது.

போஸ்ட்பெய்டிலிருந்து மாறுவது, வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்வது, பழைய சிம்முக்கு மாற்று வாங்குவது போன்றவற்றைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாற்று சிம் போட்டால் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. மோசடியைத் தடுக்க அப்படி ஒரு ஏற்பாடு.

அடுத்து சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓடிபி என்பது உள்ளே வரும் செய்தி. யுபிஐ ஆப்களும் பல வங்கி ஆப்களும் ஒரு புதிய போனில் பதிவாகும்போது செய்வது அதற்கு நேரெதிர்: உங்கள் சிம்மிலிருந்து அவர்களுக்கு ஒரு செய்தி வெளியே போக வேண்டும். இந்தியாவில் அது கண்ணுக்கே தெரியாமல் நடந்துவிடும். இங்கே அது ரோமிங்கில் போகும் சர்வதேசக் குறுஞ்செய்தி. இருப்பு இல்லையென்றால் போகாது, இருந்தாலும் சில நேரம் போய்ச் சேராது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே புது போன் வாங்குவதாக இருந்தால் ஊரிலேயே வாங்கி, எல்லா ஆப்பையும் அதில் பதிவு செய்துவிட்டு வாருங்கள். இங்கே வந்து தள்ளுபடியில் வாங்கினாலும், பழைய போனை இந்திய சிம்மோடு அப்படியே ஒரு டிராயரில் வைத்து, அவ்வப்போது சார்ஜ் போட்டு வாருங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் ஆசையை அடக்குங்கள்.

“எண்ணையே +49 ஆக மாற்றிவிட்டால் என்ன?” என்று கேட்பவர்களுக்கு: என்ஆர்ஐ கணக்குகளை வெளிநாட்டு எண்ணோடு யுபிஐயில் சேர்க்க யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், சவுதி, அமீரகம், பிரிட்டன் என்று 10 நாடுகள். ஜெர்மனி இல்லை. நம் ஆட்களுக்கு இந்திய எண்தான் கதி. (சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்னும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றுவது தனிக் கதை.)

வாட்ஸ்அப்பும் இந்திய எண்ணிலேயே இருக்கட்டும், ஊர் குரூப் எல்லாம் அதில்தானே இருக்கிறது. ஆனால் அந்த சிம்மைக் கழற்றி எங்கேயோ போட்டுவிடாதீர்கள். பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் மெசேஜ் ஆப்கள் இயங்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டது. சிம்மை போனில் வைத்திருப்பவருக்கு இதில் கவலை இல்லை.

ஒரே போனில் இரண்டு சிம் என்றால் எனக்குப் பிடித்த ஏற்பாடு: இந்திய எண் பிளாஸ்டிக் சிம்மாக, ஜெர்மன் எண் ஈசிம்மாக. தலைகீழாகவும் செய்யலாம்தான். ஆனால் போன் கீழே விழுந்து திரை போனால், பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி வேறு எந்த போனிலும் போட்டு அன்றைய ஓடிபியை வாங்கிவிடலாம். இந்திய ஈசிம்மை இங்கிருந்து வேறு போனுக்கு மாற்றுவது பெரிய தலைவலி. அமைப்புகளில், இணையத்துக்கு ஜெர்மன் சிம், இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் அணைப்பு, சிக்னல் இல்லாவிட்டால் மற்ற சிம்முக்குத் தானாகத் தாவும் வசதியும் அணைப்பு. ஐபோன்காரர்கள் ஐமெசேஜ், ஃபேஸ்டைமில் இந்திய எண்ணின் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை உறுதிசெய்ய அது ரகசியமாக ஒரு வெளிநாட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும், காசு உங்கள் இருப்பிலிருந்து போகும். ரோமிங்கில் இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் காசுதான். கிரெடிட் கார்டு விற்கிறவர்களுக்கு நீங்கள் ஊரைவிட்டுப் போனது தெரியாது, மதியத் தூக்கத்தில் எடுத்து “ஹலோ” சொல்லிவிடாதீர்கள்.

சரி, இந்தியப் பக்கம் போதும். இங்கே வந்ததும் ப்ரீபெய்டே போதுமானது. ஆல்டி டாக், லிடில் கனெக்ட் போன்றவை சூப்பர் மார்க்கெட்டிலேயே தொங்கும். முன்னது ஓடூ (O2) வலையிலும் பின்னது வோடஃபோன் வலையிலும் ஓடுகிறது. பேக் கணக்கு மாதம் அல்ல, 4 வாரம். அதாவது வருஷத்துக்கு 13 தடவை. சிம்மை வாங்கியதும் பேசிவிட முடியாது, 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டுக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். வீடியோ அழைப்பில் முடிக்கலாம் என்பார்கள். சில நிறுவனங்களின் வீடியோ முறையில் இந்தியப் பாஸ்போர்ட் எடுபடாது. வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்காமல் போஸ்ட்ஐடென்ட் என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, பாஸ்போர்ட்டோடு பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள். போன் இலவசம் என்று காட்டும் 24 மாத ஒப்பந்தத்தில் வந்ததுமே கையெழுத்துப் போட வேண்டாம். முதல் காலம் முடிந்தால் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம் என்று 2021 டிசம்பர் முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த முதல் காலம் முழுக்கப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, இங்கே 2021லேயே 3ஜியை மூடிவிட்டார்கள். 4ஜியிலேயே பேச உதவும் வோல்ட்டிஇ சரியாக வேலை செய்யாத பழைய போன் என்றால் பேச்சு 2ஜிக்கு இறங்கி இழுக்கும்.

ஜெர்மன் வங்கிகள் ஓடிபியைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டன. பணம் அனுப்ப அவர்களின் தனி ஆப்பில் டான் என்னும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அது எண்ணோடு அல்ல, அந்த போனோடு கட்டப்பட்டது. போனை ரீசெட் செய்தால் பல வங்கிகள் புதிய குறியீட்டைக் காகிதக் கடிதமாகத் தபாலில்தான் அனுப்பும். கடிதம் வரும் வரை வாடகை கட்ட முடியாது. அந்தக் கடிதமும் தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் வரும், அறை எண் எழுதினால் போதாது.

டாய்ச்லாண்ட்டிக்கெட் என்னும், நாடு முழுக்க உள்ளூர் பேருந்து, ரயில்களில் போக உதவும் மாதச் சந்தாவும் பலருக்கு போனில்தான் இருக்கும். 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 63 யூரோ. டிக்கெட் பரிசோதகர் ஆப்பில் உள்ள பார்கோடைத்தான் ஸ்கேன் செய்வார், கூடவே பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அனுமதி அட்டையோ கேட்பார். ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. பேட்டரி செத்திருந்தால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில் 60 யூரோ சீட்டு எழுதிக் கொடுப்பார். பதறாதீர்கள். பெயர் போட்ட சந்தா டிக்கெட் என்பதால், ஒரு வாரத்துக்குள் அந்தச் சீட்டோடு போய்க் காட்டினால் வழக்கமாக 7 யூரோவாகக் குறைத்துவிடுவார்கள். பவர் பேங்க் அதைவிட நிம்மதி.

ஊர் சுற்ற ஆரம்பித்ததும்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. பாரிஸ், ப்ராக், ஆம்ஸ்டர்டாம் எங்கே போனாலும் ஜெர்மன் பேக்கே ஓடும். நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனிலும் அப்படியே. சுவிட்சர்லாந்து இதில் சேராது. நம்மவர்கள் முதல் விடுமுறைக்கு ஓடுவது ரைன் அருவிக்கும் டிட்லிசுக்கும்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சில திட்டங்களில் சுவிஸ் சேர்ந்திருக்கும், மலிவு ப்ரீபெய்டில் அதை எதிர்பார்க்காதீர்கள். சுவிஸ் எல்லையில் ஏரிக்கரையில் இருக்கும் கான்ஸ்டன்ஸ் பக்கம் போகும்போது, ஜெர்மன் மண்ணில் நின்றாலும் போன் ஏரிக்கு அந்தப் பக்கத்து சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே டேட்டா ரோமிங்கை அணைத்து, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் சிம்மிலிருந்து இந்தியாவுக்குச் சாதாரண அழைப்பு ரோமிங் விதியில் வராது, நிமிடக் கட்டணம் தனி. வீட்டுக்கு வாட்ஸ்அப்பே போதும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரையும் வித்தியாசம் என்பதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள்.

இப்போது ஊர்ப் பழக்கங்கள். ஹாஸ்டல் வைஃபையில் டாரன்ட் போட்டுப் படம் இறக்குவது இங்கே விளையாட்டு அல்ல. டாரன்டில் இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்குப் பகிரவும் செய்கிறீர்கள், உரிமையாளரின் வக்கீல்கள் ஐபி முகவரியைப் பிடித்து அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள், பல நூறு யூரோ கேட்டு. இணைய இணைப்பு உங்கள் வீட்டுக்காரர் பெயரிலோ அறைத்தோழர் பெயரிலோ இருந்தால் கடிதம் அவருக்குப் போகும், அப்புறம் அந்த வீட்டில் உங்கள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் போட்டிருக்காவிட்டாலும் டேப்லெட்டில் பழைய டாரன்ட் ஆப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம், வருவதற்கு முன் அழித்துவிடுங்கள்.

எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்யும் வசதி நம் ஊர் ஆண்ட்ராய்டில் சகஜம். இங்கே எதிரில் பேசுகிறவரின் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது குற்றவியல் சட்டம் 201ஆம் பிரிவின்படி குற்றம். அணைத்துவிடுங்கள். சைக்கிளில் போகும்போது போனைக் கையில் பிடித்தால் 55 யூரோ, காரில் 100 யூரோவும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளியும். வரைபடம் வேண்டுமென்றால் ஹேண்டில்பாரில் ஸ்டாண்ட் மாட்டுங்கள். “என்னிடம் டிவி இல்லை, டேப்லெட் மட்டும்தான்” என்று ஒளிபரப்புக் கட்டணக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதிலும் பயனில்லை. மாதம் 18.36 யூரோ, கருவிக்கு அல்ல, வீட்டுக்கு. அறைத்தோழர்கள் சேர்ந்து ஒருவர் கட்டினால் போதும். செப்டம்பரில் ஒரு நாள் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறினால் பயப்படாதீர்கள், அது பேரிடர் எச்சரிக்கை ஒத்திகை.

டேப்லெட்டுக்குத் தனி சிம் வேண்டாம், ஹாட்ஸ்பாட் போதும். பல்கலைக்கழகத்தில் எடுரோம் என்னும் பொது வைஃபையை ஒருமுறை அமைத்துவிட்டால் ஐரோப்பா முழுக்கப் பெரும்பாலான பல்கலைக்கழக வளாகங்களிலும் தானாக இணையும், ஐசிஇ அதிவேக ரயிலில் வைஃபை இலவசம். கூகுள் ப்ளேயில் நாட்டை மாற்ற ஜெர்மன் கார்டு வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாற்றலாம், பழைய இருப்பு கூட வராது. ஆகவே ரூபாய் இருப்பைச் செலவழித்த பிறகு மாற்றுங்கள். மின்சாரம் ஊரைப் போலவே 230 வோல்ட். இரட்டை முள் போன் சார்ஜர் நுழையும், லேப்டாப்பின் மூன்று முள் நுழையாது, அதற்கு மட்டும் ஒரு அடாப்டர்.

போன் தொலைந்தால் 116 116க்கு அழையுங்கள், கார்டையும் பல நிறுவனங்களின் சிம்மையும் அங்கேயே முடக்கலாம். வெளிநாட்டில் இருந்தால் முன்னால் +49 சேர்த்துக்கொள்ளுங்கள். போன் தொலையும் நாளை நினைத்தே கூகுள் கணக்கின் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப்பை டேப்லெட்டிலும் இணைத்து வையுங்கள். இந்திய சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள். பள்ளிக் காலத்தில் வாங்கிய எண் என்றால் அநேகமாக அப்பா பெயரில் இருக்கும். உங்கள் பெயருக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம். மாற்று சிம் வாங்க எண்ணின் உரிமையாளர் ஆவணத்தோடு கடைக்குப் போக வேண்டும், அப்பா என்றால் நாளைக்கே போய் வாங்கி, இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.