நான்கில் ஒரு பங்கு பைப்பர் கப் மாதிரிக்கு எந்த எஞ்சின் பொருந்தும்?

வால்சக்கரம் (கோயம்புத்தூர்) எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த பத்து மாதங்களாக, இருவர் அமரும் பழைய சிறு விமானமான பைப்பர் ஜே-3 கப்பின் நான்கில் ஒரு பங்கு மாதிரியை, ரேடியோ கருவியால் பறக்கவிடுவதற்காக, வரைபடத்தை வைத்துக்கொண்டு பால்சா என்ற இலேசான மரத்திலும் லைட் பிளை என்ற மெல்லிய ஒட்டுப்பலகையிலும் கட்டி வருகிறேன். இறக்கையின் வீச்சு 2.69 மீட்டர். துணி போர்த்தும் வேலையும் எஞ்சினும் மட்டுமே மீதமுள்ளன. இப்போதைய நிலையில் சக்கரங்கள், சர்வோக்கள் (கட்டுப்பாட்டுப் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) உட்பட 5.8 கிலோ இருக்கிறது.

இதுவரை நான் பறக்கவிட்டவை எல்லாம் மெத்தனாலில் ஓடும் 10 சிசி குளோ எஞ்சின் பொருத்திய பயிற்சி விமானங்களே. பெட்ரோல் எஞ்சினை நான் கையால் தொட்டதுகூட இல்லை. எங்கள் மைதானத்தில் மூத்தவர் ஒருவர், "சக்தி மிஞ்சினால் திராட்டிலைக் குறைத்துக்கொள்ளலாம், குறைந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டு 55 சிசி எஞ்சினையே வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், கப் போன்ற மெதுவான விமானத்திற்கு 20 சிசி போதும் என்கிறார். டி.எல்.இ. 30, டி.எல்.இ. 55, பழைய ஜெனோவா ஜி-38 (எண்கள் சிசி அளவு), சைட்டோ நிறுவனத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் ஆகிய நான்கும் என் மனத்தில் இருக்கின்றன. எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

---

மஞ்சள்துணி (பெங்களூரு) எழுதியது:

வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட இருவருமே சக்தியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். கப் மாதிரிக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான் என்பது என் கருத்து. காரணத்தை அசல் விமானத்திலிருந்தே சொல்கிறேன்.

அசல் ஜே-3 கப் விமானத்தின் அதிகபட்ச எடை 1,220 பவுண்டு, அதாவது சுமார் 553 கிலோ. நீளத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் கன அளவு 64இல் ஒன்றாகக் குறையும் என்பதால், அதே கணக்கில் உங்கள் மாதிரியின் எடை 8.6 கிலோ வர வேண்டும். நீங்களும் ஏறக்குறைய அங்கேதான் போய்ச் சேரப் போகிறீர்கள். வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பாதியாகும். மணிக்கு 38 மைலில் ஸ்டால் ஆகும் (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும்) விமானத்தின் மாதிரி 19 மைலில், அதாவது சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும். இதே முறையில் எஞ்சினையும் குறைத்துப் பாருங்கள். அசலில் இருந்த 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் உங்கள் மாதிரியில் வெறும் அரைக் குதிரைத்திறனாகிவிடும்! 30 சிசி எஞ்சினுக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் சக்தி 3.7 குதிரைத்திறன். சிறிய புரொப்பெல்லரின் திறமைக் குறைவு, வெயில், பெங்களூரு போல 900 மீட்டர் உயரத்தில் சுமார் எட்டு சதவீதம் நீர்த்துப்போகும் காற்று ஆகிய எல்லாவற்றையும் கழித்தாலும், 30 சிசியிலேயே தேவைக்கு மேல் பல மடங்கு மிச்சமிருக்கிறது. எனவே 55 சிசியை மறந்துவிடுங்கள். அது சுழற்றும் 22 அங்குலப் புரொப்பெல்லர் ஐடிலில் (எஞ்சினின் மிகக் குறைந்த வேகத்தில்) கூட விமானத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இறங்கும்போது ஓடுபாதையின் கடைசிவரை மிதந்துகொண்டே போவீர்கள்.

அப்படியானால் 20 சிசி போதுமா? பறப்பதற்குப் போதும். ஆனால் கப் விமானத்தின் மூக்கு குட்டை, வால் நீளம். உங்கள் மாதிரியின் மொத்த நீளம் 1.71 மீட்டர் என்றால், ஈர்ப்பு மையத்திலிருந்து வால் பரப்புகள் ஒரு மீட்டருக்கு மேல் பின்னே இருக்கின்றன. எஞ்சினோ ஒரு முழ அளவுகூட முன்னே இல்லை. வாலில் சேரும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் மூக்கில் 300 முதல் 350 கிராம் வரை வைத்தால்தான் சமநிலை வரும். என் முதல் கப் மாதிரியில் 26 சிசி எஞ்சினைப் பொருத்திவிட்டு, பிறகு ஃபயர்வாலைச் (எஞ்சினைத் தாங்கும் முன்பலகையை) சுற்றி 600 கிராம் ஈயத்தை அடைத்தேன். மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை எஞ்சினுக்குப் பக்கத்தில் எபாக்ஸி ஊற்றி ஒட்டிய அந்த மாலைப்பொழுதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். போர்த்தப் போகும் துணியை வெட்டி, அந்தந்த இடத்திலேயே ஒட்டாமல் விரித்து வையுங்கள்; வாலுக்குரிய துண்டுகளை மறக்க வேண்டாம், பெயின்டின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 28 முதல் 30 சதவீதம் பின்னே உள்ள புள்ளியில் விமானத்தைத் தாங்கி, எஞ்சின் வரும் இடத்தில் ஒரு பையைக் கட்டித் தொங்கவிட்டு, மூக்கு மட்டமாகும்வரை அதில் மணலைக் கொட்டுங்கள். பிறகு பையை எடை போட்டால், உங்கள் விமானம் கேட்கும் எஞ்சினின் எடை தெரிந்துவிடும்.

---

மின்விசை எழுதியது:

கேட்காத பதிலைச் சொல்வதற்கு மன்னிக்கவும்: மின்மோட்டாரை ஏன் யோசிக்கவில்லை? மேலே உள்ள கணக்கின்படி கிலோவுக்கு 150 வாட் இருந்தாலே இவ்விமானம் கம்பீரமாக ஏறும். அதாவது சுமார் 1,300 வாட். 10 செல் கொண்ட 5,000 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரியில் 185 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அதில் 80 சதவீதத்தை மட்டும் எடுத்து, சராசரி 700 வாட்டில் பறந்தால் 12 நிமிடம் கிடைக்கும். பேட்டரியின் எடை முழுவதும் மூக்கிலேயே உட்கார்ந்துவிடுவதால் ஈயத்தின் தொல்லையும் தீரும். ஒரு நாளில் ஐந்து முறை பறக்க வேண்டுமென்றால் மூன்று பேட்டரிகளும் மைதானத்தில் சார்ஜ் செய்ய ஒரு வழியும் வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கே பெட்ரோல் வெல்கிறது.

---

கைச்சுழற்று (மதுரை) எழுதியது:

மஞ்சள்துணி அண்ணன் சொன்ன மணல் பை வித்தையை நான் வழிமொழிகிறேன். இப்போது எந்த வகை எஞ்சின் என்ற கேள்விக்கு வருவோம்.

முதலில் குளோ எஞ்சினை ஒதுக்கிவிடலாம். மெத்தனாலைச் சில்லறையாக வாங்குவது எளிதன்று. மேலும், பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கோ 6.4 பங்கே போதும். அதே அளவு காற்றை உறிஞ்சும் எஞ்சின் இரு மடங்குக்கும் மேலான எரிபொருளைக் குடிக்கும் என்பதே இதன் பொருள். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினின் ஒலி கப் விமானத்திற்கு அழகு சேர்க்கும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் விலை கூடுதல், வால்வு இடைவெளி பார்க்கும் வேலை வேறு. முதல் பெட்ரோல் எஞ்சினாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது டூ ஸ்ட்ரோக். அதில் இரு வகை. டி.எல்.இ. 30 போன்றவற்றில் பேட்டரியால் இயங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கிறது. வேகத்திற்கு ஏற்பத் தீப்பொறியின் நேரத்தை அதுவே முன்பின்னாக மாற்றிக்கொள்வதால், புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுழற்றினாலும் பிடித்துக்கொள்ளும், ஐடிலும் தாழ்வாக நிற்கும். ஜி-38 போன்ற பழைய எஞ்சின்களில், சுழலும் காந்தத்தால் பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ இருக்கிறது. அதற்குத் தனிப் பேட்டரி வேண்டாம், கெட்டுப்போகச் சர்க்யூட்டும் அதிகமில்லை; ஆனால் காந்தம் பதித்த ஃப்ளைவீல் கனமானது, பலமாகச் சுழற்றினால்தான் பொறி வரும். மற்ற விமானங்களில் அந்தக் கனம் குறையாக இருக்கும். கப் விமானத்தில் அது ஈயத்திற்குப் பதிலாக உழைக்கிறது. என்னிடமுள்ள பழைய 38 சிசி மேக்னெட்டோ எஞ்சின், மஃப்ளருடன் (சைலன்சருடன்) என் தராசில் 1,900 கிராம் காட்டுகிறது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் கொண்ட 30 சிசி எஞ்சினோ மஃப்ளர், இக்னிஷன் பெட்டி, பேட்டரி எல்லாம் சேர்த்தும் சுமார் 1,300 கிராம்தான் வரும்.

இன்னொரு வசதியையும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்களின் வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில், கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பால் இயங்கும் டயாபிரம் (மெல்லிய சவ்வு) பம்ப் உள்ளது. ஆகவே குளோ எஞ்சினைப் போல டேங்கை எஞ்சினுக்கு நெருக்கமாக, அதே உயரத்தில் வைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஈர்ப்பு மையத்திலேயே வைக்கலாம். எரிபொருள் தீரத் தீர டிரிம் (பறக்கும் சமநிலை) மாறாது. பழக்கதோஷத்தில் சிலிகான் குழாயைப் போட்டுவிடாதீர்கள், பெட்ரோலில் அது ஊறி உப்பிவிடும்.

பெட்ரோல் பங்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கலவை மெலிந்தால் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயும் குறைந்து சூடு ஏறும். எனவே பழைய பெட்ரோலுக்குச் சரியாக இருந்த ஹை ஊசியை (அதிவேகத்தில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் திருகை) சற்றே திறந்து வைக்க வேண்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், நாளடைவில் டயாபிரமையும் விறைக்க வைக்கும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆக்டேன் இறங்கிவிடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. மாலையில் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மீதியுள்ளதும் எரிந்து தானே நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஒரு மாற்று டயாபிரம் செட் பெட்டியில் இருக்கட்டும்.

---

வால்சக்கரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மாடியில், வீட்டார் வேடிக்கை பார்க்க, மணல் பையைக் கட்டிப் பார்த்தேன். துணியையும் பெயின்டுக்கு ஈடாகச் சிறு எடைகளையும் வைத்த பிறகு, மூக்கு மட்டமாக 2,050 கிராம் தேவைப்பட்டது. அதாவது 30 சிசி வாங்கினால் முக்கால் கிலோ ஈயம். 38 சிசி மேக்னெட்டோ வாங்கினால், புரொப்பெல்லரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஈயமே வேண்டியதில்லை போலிருக்கிறது. நண்பர் ஒருவரிடம் சும்மா கிடக்கும் பழைய ஜி-38 ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள்: எந்தப் புரொப்பெல்லர்? முதன்முதலாக ஓட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

---

மஞ்சள்துணி எழுதியது:

புரொப்பெல்லரில் விட்டம் பெரிதாகவும் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) குறைவாகவும் இருக்கட்டும். 6 அங்குலப் பிட்ச் நிமிடத்திற்கு 7,000 சுழற்சியில் மணிக்கு 64 கிலோமீட்டர் தரும். 30 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானத்திற்கு அதற்கு மேல் ஏன்? அசலின் 72 அங்குலப் புரொப்பெல்லர் உங்கள் அளவில் 18 அங்குலம். ஆனால் 38 சிசிக்கு 18க்கு 6 (விட்டம் 18, பிட்ச் 6 அங்குலம்) மிக இலேசு, எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றும். 20க்கு 6 அல்லது 20க்கு 8 போட்டுப் பார்த்து, டாக்கோமீட்டரில் 7,000க்குச் சற்றுக் கீழே நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை, வாலைத் தூக்கி நிறுத்திய நிலையில் அளக்க வேண்டும்.

---

கைச்சுழற்று எழுதியது:

பழைய எஞ்சின் என்பதால் முதலில் டயாபிரமையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் விகிதம் 30க்கு 1, அதாவது லிட்டருக்கு 33 மில்லி. திராட்டில் சர்வோவுக்கு உலோகக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் புஷ்ராடு (தள்ளுகோல்) போடுங்கள். மேக்னெட்டோவின் பொறி இரைச்சலை உலோகம் ரிசீவர்வரை கொண்டுபோய்விடும். ரிசீவரை எஞ்சினிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

மிக முக்கியமானது எஞ்சினை அணைக்கும் வழி. மேக்னெட்டோவில் பேட்டரியைத் துண்டித்து அணைக்க முடியாது. அதன் சுருளின் பிரைமரி கம்பியை எஞ்சினின் உலோக உடலோடு இணைத்தால்தான் (எர்த் செய்தால்தான்) பொறி நிற்கும். அதற்கென ஃபியூசலேஜின் (விமானத்தின் உடற்பகுதியின்) வெளியே ஒரு சுவிட்சும், டிரான்ஸ்மிட்டர் சிக்னல் போனால் திராட்டிலை முழுவதும் மூடும் ஃபெயில்சேஃப் அமைப்பும் இருக்க வேண்டும். இரண்டையும் எஞ்சின் ஓடும்போதே தரையில் சோதித்துப் பாருங்கள், பின்னாலிருந்து ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்ள. கையால் சுழற்றும்போது தடித்த தோல் கையுறை அணியுங்கள். இந்த எஞ்சின் பின்னுக்கு உதைக்கும். குளோ எஞ்சினுக்குச் செய்ததுபோல விரலால் தட்டிவிடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.