அந்தியேட்டிக்கு வருபவர்கள் கையில் விதை கொடுக்கலாமா?

கேள்வி: ஒழுங்கைக்காரன் (ஒட்டுசுட்டான்)

வணக்கம் உறவுகளே,

எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் இருந்த ஆச்சி ஆவணி முடிவில் காலமானார். அவர் எனக்கு இரத்த உறவு இல்லை. ஆனால் 2010இல் நாங்கள் மீளக்குடியமர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த நாட்களில், என் தாயாரின் கையில் முதல் கத்தரி நாற்றைக் கொடுத்தவர் அவர்தான். மல்லாவி, நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் அவரிடம் விதை கேட்டு வருவார்கள். அவர் காசு வாங்கியதை நான் கண்டதில்லை. "முதல் காயை ஆயாமல் கொடியிலேயே முற்ற விடு பிள்ளை, அதிலை பாதி விதை எனக்கு" என்பார். அவர் கேட்ட விலை அவ்வளவுதான்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டதால் குசினிப் பரணில் ஏறிப் பார்த்தேன். சாம்பலில் புரட்டிய பாகல் விதை பழைய ஹோர்லிக்ஸ் போத்தலிலும், கீரை விதை பனையோலைக் கொட்டைப்பெட்டியிலும் இருந்தன. அடுப்புக்கு நேர் மேலே, புகை படும் இடத்தில், மூன்று சுரைக்குடுவைகள் கயிற்றில் தொங்கின. எல்லாமாக 43 உருப்படிகள் தேறின. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் கழுத்திலும் பழைய சீலைக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. சில கிழிசல்களில் ஒரு முடிச்சும் சிலவற்றில் ஏழெட்டு முடிச்சுகளும் இருந்தன. முடிச்சே இல்லாமல் கட்டப்பட்டவையும் உண்டு.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களுக்கு வழமைபோல எவர்சில்வர் கிண்ணம் கொடுக்காமல், ஆச்சியின் படம் அச்சிட்ட சிறு பொட்டலங்களில் இந்த விதைகளையெல்லாம் கலந்து போட்டு, கல்வெட்டுடன் (நினைவு மலருடன்) சேர்த்து இருநூறு பேருக்கு வழங்கலாம் என்று மூத்த மகன் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த முடிச்சுகளின் பொருள் யாருக்காவது தெரியுமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் (கிளிநொச்சி)

தம்பி, மகனின் எண்ணம் நல்லது, வழிதான் பிழை. முளைக்குமா என்று பாராமல் ஒரு விதையையும் எவருக்கும் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு போத்தலிலிருந்தும் பத்து விதை எடுத்து, ஈரத்துணியில் சுருட்டி, காயவிடாமல் வைத்துப் பாருங்கள். பயற்றை நான்கைந்து நாளில் சொல்லிவிடும். பாகலுக்கும் புடோலுக்கும் தோல் கடினம் என்பதால் இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும். பத்துக்கு ஆறு முளைத்தால் கொடுக்கலாம். மூன்று நான்குதான் முளைத்தால் அது வழங்குவதற்குரிய விதை அல்ல, உடனே விதைத்துப் புதுப்பிக்க வேண்டிய விதை.

அடுத்தது ஈரம். விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதைக்களஞ்சியங்களில் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஆச்சி அந்தக் கணக்கைப் படித்திருக்க மாட்டார், ஆனால் அடுப்புப் புகையும் சாம்பலும் அதே வேலையைத்தான் செய்தன. புகை ஈரத்தை ஏறவிடாது, சாம்பல் வண்டை அண்டவிடாது. பரணிலிருந்து இறக்கிக் கடதாசிப் பொட்டலத்தில் போட்டீர்களானால், ஐப்பசி, கார்த்திகை மழையின் குளிர்மையை உறிஞ்சி, தை பிறப்பதற்குள் பாதி விதை செத்துவிடும்.

கலந்து கொடுப்பது கூடவே கூடாது. பயற்றையும் கத்தரியும் பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே கருக்கட்டுபவை, ஆகையால் அவை அவ்வளவாகக் கெடா. பூசணி அப்படியல்ல. அடுத்த வளவில் வேறு பூசணி இருந்தால் தேனீ கலந்துவிடும், மறுபோகத்தில் காய்ப்பது ஆச்சியின் பூசணியாக இராது. எந்த வளவில் எது போகிறது என்று தெரிந்துதான் பூசணி விதையைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில், 1988இல் தொடங்கப்பட்ட தாவர மரபணு வளங்கள் நிலையம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சிறுபங்கு அங்கேயும் போய்ச் சேர்ந்தால் நல்லது. குளிரறையில் இருக்கும் விதை வன்னி வெயிலையும் வரட்சியையும் பழகாது என்பதும் உண்மை, அதனால் அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்லவில்லை.

மறுமொழி 2: வவுனியா மருமகள்

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆச்சி என் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். 2002இல் ஏ9 வீதி திறந்த பின்பு அவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வவுனியாவுக்கு வந்தபோது, சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது நகை அல்ல. நீளப் பயற்றை விதை ஒரு கைப்பிடி, வெள்ளைக் கத்தரி விதை ஒரு சிட்டிகை. சந்தைப் பயற்றை வாங்கித் தின்பவர்களுக்கு இது எதற்கு என்று நான் மனதுக்குள் சிரித்தேன். மாமி மட்டும் சொன்னபடி முதல் காயை முற்றவிட்டு, ஆண்டுதோறும் மாற்றி மாற்றி நட்டுக் காப்பாற்றி வந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2008இன் கடைசியில் போரால் ஊரை விட்டு வெளிக்கிட்ட ஆச்சி, ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து, 2009இல் இடம்பெயர்ந்தோருக்கான மனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, மடியில் ஒரு விதைகூட இருக்கவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சோறு போட்டோம், உண்ணவில்லை. "பயற்றை நிக்குதோ?" என்றுதான் கேட்டார். மாமி உள்ளே போய்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆச்சி அதைத் தட்டத்தில் கொட்டி, சொத்தையை ஒரு பக்கமாக விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். எண்ணி முடித்த பிறகுதான் அழுதார். அதன் பிறகு செட்டிகுளம், மன்னார் என்று தாம் முன்பு விதை கொடுத்திருந்த வீடுகளையெல்லாம் நினைவிலிருந்து சொல்லிச் சொல்லித் தேடிப் போனார். உங்கள் தாயாருக்குக் கிடைத்த அந்தக் கத்தரி, எங்கள் மாமி வீட்டு முற்றத்தில் ஏழெட்டு ஆண்டுகள் நின்றதன் வழிவந்ததாக இருக்கலாம்.

முடிச்சுக்கு வருகிறேன். விதை கொண்டுபோனவர்களுக்கு அவர் முடிச்சுப் போடுவதில்லை. விதைத்து, காய்த்து, பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த வீட்டுக்கு மட்டும் ஒரு முடிச்சு. ஏழு முடிச்சு என்றால் அந்த விதை ஆச்சியைத் தவிர இன்னும் ஏழு வளவுகளில் இருக்கிறது என்று பொருள். ஒருநாள் பின்னேரம் நான் அங்கே நின்றபோது நேரில் கண்டேன். புடோல் பூ பொழுது பட்ட பிறகே விரியும் என்பதால், ஒரு கையில் லாம்புடன் பந்தலின் கீழ் நின்று, ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டு, அந்தப் பிஞ்சின் காம்பில் நூல் கட்டினார். "இந்த ஒண்டு விதைக்கு, மற்றதெல்லாம் கறிக்கு" என்றார். அந்தப் புடோலுக்கு அப்போது முடிச்சே இருக்கவில்லை.

ஆகையால், தம்பி, முடிச்சு இல்லாதவற்றைத் தயவுசெய்து பொட்டலம் போட்டுவிடாதீர்கள். அவை அந்தப் பரணைத் தவிர வேறு எங்கும் இல்லாமல் இருக்கக்கூடும்.

மறுமொழி 3: வயல்வெளியான் (முள்ளியவளை)

ஐயாவும் அக்காவும் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் 2018இல் மறைந்த நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல் விதையை இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்பார். அவர் சேர்த்த இனங்கள் 170ஐத் தாண்டின. கொடுத்தது திரும்பி வந்ததால்தான் அது பெருகியது. ஆச்சியும் அதையே தம் முற்றத்தில் செய்திருக்கிறார்.

படம் போட்ட பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை: செத்தவரின் படத்தை எறிய எவருக்கும் மனம் வராது, கிழித்து விதைக்கவும் மனம் வராது. சாமியறையில் வைத்து வண்டு பிடிக்க விடுவோம். என் வீட்டிலும் அதுதான் நடக்கும் என்பதால் சொல்கிறேன். நடப்போகிறவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவருக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஒழுங்கைக்காரன்

ஐயா, அக்கா, அண்ணை, மூவருக்கும் நன்றி. மூத்த மகனிடம் அக்காவின் மறுமொழியை வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பொட்டலத் திட்டம் கைவிடப்பட்டது. வருபவர்களுக்குக் கிண்ணமே கொடுக்கப்போகிறோம். நட விரும்புபவர்கள் பெயரைப் பதிந்து ஒரு வகை விதை மட்டும் கொண்டுபோகலாம். கல்வெட்டில் வம்சாவழிக்கு அடுத்த பக்கத்தில், முடிச்சுகளை வைத்து ஊரில் விசாரித்து அறிந்த வீடுகளை, எந்த வளவில் எந்த விதை நிற்கிறது என்று அச்சிடுகிறோம். அக்கா, உங்கள் மாமியின் வீடும் அதில் இருக்கிறது.

ஒன்றைத் தவிர மற்ற 42ஐயும் ஈரத்துணியில் சோதித்ததில் 31 தேறின. ஆறு முற்றாகச் செத்துவிட்டன, மிகுதி ஊசலாடுகின்றன. முடிச்சே இல்லாதவை மூன்று. ஒன்று புடோல், அக்கா கண்டதாகத்தான் இருக்க வேண்டும். பத்துக்கு எட்டு முளைத்திருக்கிறது. மற்றொன்று வெண்டி. மூன்றாவது என்னவென்று இங்கே எவருக்கும் தெரியவில்லை: கறுப்பு விதை, ஓரத்தில் தடித்த வெள்ளைக் கோடு. அவரை வகை என்பது உறுதி. எந்த அவரை என்பது பூத்துக் காய்த்தால்தான் தெரியும். போத்தலில் மொத்தம் 22 விதைகள்தான் இருந்ததால் அதில் மட்டும் பத்து எடுக்க மனம் வராமல், ஐந்தை எங்கள் கிணற்றடி வேலியோரம் ஊன்றினேன். நேற்று இரண்டு மண்ணைப் பிளந்து கொண்டு வந்திருக்கின்றன. கோழி கிளறாதபடி கடகத்தால் மூடி வைத்திருக்கிறேன்.