ஆண்டுச் செலவுக்கு மாதாமாதம் ஒதுக்குவதில் ஒரு சந்தேகம்

குழுவினருக்கு வணக்கம். காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைக் கூட்டி, 12-ஆல் வகுத்து எடுத்து வைக்கச் சொல்வார்கள். முதல் வருஷத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. 12,000 கட்ட இன்னும் நாலே மாதம் இருந்தால், மாதம் 1,000 வைத்து 4,000தான் சேரும். மீதி 8,000 கடன் அட்டையில் போய் உட்காரும், வட்டியும் ஏறும். அதனால் முதல் சுற்றுக்கு மட்டும் மிச்சமிருக்கிற மாதங்களால் வகுக்க வேண்டும்: மாதம் 3,000. கட்டி முடித்த பிறகு 1,000 போதும்.

சிக்கல் இனிமேல்தான். இப்படி மூன்று செலவுகள் அடுத்தடுத்த மாதங்களில் வந்தால் சம்பளம் தாங்காது. எதைத் தவணையாகப் பிரிப்பது? காப்பீட்டை மாதத் தவணைக்கு மாற்றினால் மொத்தத் தொகை பெரும்பாலும் கூடிவிடும். கூடுதல் காசு கேட்காத செலவைத்தான் முதலில் பிரிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: இந்தப் பணத்தை அன்றாடச் செலவுக் கணக்கிலேயே விட்டால், இருப்பு அதிகமாகத் தெரிந்து கை நீளும். தனிக் கணக்கு ஒன்றே போதுமா? அதில் எந்தச் செலவுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாலும் பெரிய உதவியாக இருக்கும்.