அட்டவணையில் 'கோலாலம்பூர்', கப்பல் நின்றது புலாவ் இண்டாவில்: அனுபவங்களைப் பகிருங்கள்

செந்தூல்வாசி:
உல்லாசக் கப்பல் பயணத்தில் பினாங்கு முடிந்து கடைசி நிறுத்தம் 'கோலாலம்பூர்'; கப்பல் நின்றதோ கிள்ளான் துறைமுகப் பக்கம் உள்ள புலாவ் இண்டா தீவில். 8 மணிக்குக் கப்பலைத் துறையில் கட்டி, கடப்பிதழ் பார்த்து, பேருந்து கிளம்ப 9.15. இரட்டைக் கோபுரத்தில் படம் பிடிக்க மட்டும் 40 நிமிடம் போனது. பத்துமலையில் இறங்கும்போது மணி 12, 12.20க்குத் திரும்பினால்தான் 2 மணிக்குள் கப்பல் ஏற முடியும். 272 படி. இளவட்டங்களுக்கே ஏறி இறங்க அரை மணி வேண்டும். தமிழ்நாட்டுப் பாட்டி ஒருவர் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அர்ச்சனைக்கு வாங்கிய தேங்காய், பழப் பை பிரிக்காமலே பேருந்து ஏறியது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிள்ளான் தெற்கு:
அண்ணே, பேருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு மணி நேர நிறுத்தத்தில் கோலாலம்பூர் போகவே கூடாது. பத்துமலை ஒரு வழிக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். புலாவ் இண்டா சாலையில் வெஸ்ட்போர்ட்ஸ் சரக்குத் துறைமுகத்தின் கன்டெய்னர் லாரிகள் வேறு. மழை பிடித்தால் ஒன்றேகால் மணிப் பயணம் இரண்டு மணியாகிவிடும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா அதில் பாதித் தூரம்கூட இல்லை. பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் ஒரே தெருவில்.

ஒரு எச்சரிக்கை. திரும்பும்போது கிராப் வாடகை வண்டிச் செயலியில் வெறுமனே 'போர்ட் கிள்ளான்' என்று அடிக்காதீர்கள். அது கொமுட்டர் ரயில் நிலையமும் புலாவ் கெத்தாம் படகுத்துறையும் இருக்கிற பழைய பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். கப்பல் நிற்பது பாலம் தாண்டித் தீவில். 'குரூஸ் டெர்மினல்' என்று சேர்த்து அடித்து, வரைபடத்தில் புள்ளி புலாவ் இண்டாவில் விழுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் வர மறுக்கிற ஓட்டுநர்களும் உண்டு. போகிற வண்டிக்காரரிடமே திரும்பும் நேரத்தையும் கட்டணத்தையும் பேசிவைப்பது நல்லது.

ஆயர் ஈத்தாம்:
பினாங்கிலும் ஏமாறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கப்பல் வந்தால் எல்லாரும் நேராகக் கொடிமலைக்குத்தான் (பினாங்கு ஹில்). மலை ரயில் வரிசையிலேயே நிறுத்தத்தின் பாதி கரைந்துவிடுகிறது.

பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினாலே ஊர் தொடங்கிவிடுகிறது. வாசலைத் தாண்டினால் 60 அடி மணிக்கூண்டு. லெபோ குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது, நடந்தே போகலாம். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். வெயில் ஏறும் முன் கோயில், பிறகு லெபோ பாசாரில் பசியாறல், அப்புறம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கடைசியில் பெங்காலான் வெல்ட் மரவீடுகள். கொடிமலைதான் வேண்டுமென்றால் கரை இறங்கிய உடனே கிளம்ப வேண்டும். 204 பேருந்து வழியெல்லாம் நின்று நின்று போகும், அதனால் நேரம் குறைவென்றால் காடி (கார்) எடுங்கள். கப்பல் ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி முன்பே அடிவாரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். கீழே வரும் ரயிலுக்கும் வரிசை உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுங்கை டுவா:
ஆயர் ஈத்தாம் அக்கா, கேட்டது கிள்ளான் பற்றி.

கடைசித் துறையையே கப்பல் தவிர்த்துவிட்டால்? பயணக் கட்டணம் திரும்பாது. துறைமுகக் கட்டணம்தான் பொதுவாக அறைக் கணக்கில் வரவாகும். வெளியே தனியாகப் பேசிய வேனுக்கு, 'கப்பல் துறைக்கு வராவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா' என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். வரவு விழுந்ததா என்று பயணம் முடிவதற்கு முந்தைய இரவே கப்பல் முகப்பில் கேட்டுப் பாருங்கள்; மறுநாள் காலை பெட்டியோடு இறங்குகிற கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்லமாட்டார்கள்.

கிள்ளான் தெற்கு:
செந்தூல் அண்ணே, அந்தப் பாட்டி விஷயம். பத்துமலை அடிவாரத்திலேயே படி ஏறாமல் கும்பிடக் கோயில்கள் இருக்கின்றன. நடை திறந்திருந்தால் அங்கேயே அர்ச்சனை செய்திருக்கலாம். வழிகாட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 20 நிமிடத்துக்குள் அந்தத் தேங்காயை உடைத்திருப்பார்.