கொசுவுக்கு மலேரியா தொற்றினால் அதன் ரத்த அணுக்கள் என்ன செய்யும்?

கேள்வி: கொசுவுக்கு ஆன்டிபாடியே கிடையாதாமே, அப்புறம் உள்ளே போகிற மலேரியாக் கிருமியை எது தடுக்கிறது?

பதில் 1: ஹீமோசைட் என்கிற ரத்த அணுக்களுக்கு அதில் பெரிய பங்கு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் குடல் சுவரைக் கிருமி துளைக்கும்போது இவை அங்கே வந்து நுண்பைகளை வெளியிடும், அதனால் டெப்1 என்ற புரதம் கிருமிமேல் ஒட்டிக்கொண்டு அதைச் சாகடிக்கும். எல்லாம் சாகாது, தப்பித்தவைதான் நம்மிடம் வருகின்றன.

பதில் 2: பாக்டீரியா என்றால் இதே ஹீமோசைட்டுகள் நேராக முழுங்கிவிடும். இதயத்தின் திறப்புகளைச் சுற்றிக் கும்பலாக உட்கார்ந்து, ரத்தத்தோடு வருவதைப் பிடிக்கும்.

கேட்டவர்: சரி, பழைய தொற்று நினைவிருக்குமா?

பதில் 1: ஒரு மாதிரி உண்டு. 2010இல் வெளியான ஆய்வில், ஒருமுறை தொற்று கண்ட கொசுவில் விழுங்கும் அணுக்கள் பெருகி, அடுத்த தொற்று குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், குடல் பாக்டீரியாவை ஒழித்துவிட்டால் இது நடப்பதில்லை.