திருமண வீடியோ எடிட்டிங்குக்கும் வீட்டு டிவிக்கும் ஒரே நாஸ் போதுமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் நானும் தம்பியும் திருமண வீடியோ எடுத்து, வீட்டு மாடியிலேயே எடிட்டிங் செய்து கொடுக்கிறோம். எங்களிடம் உள்ள இரண்டு கேமராக்களும் 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்பவை. சீசனுக்கு ஒன்றாக வாங்கிய போர்ட்டபிள் ஹார்டு டிஸ்குகள் மேசை இழுப்பறையில் ஒன்பது சேர்ந்துவிட்டன. சென்ற ஐப்பசியில் அவற்றுள் ஒன்று கைதவறி விழுந்ததில் ஒரு வீட்டு நலங்குக் காட்சிகள் முழுவதும் போய்விட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் மணப்பெண்ணின் பாட்டி அதற்குள் காலமாகியிருந்தார். அவர் பேத்திக்கு மஞ்சள் பூசிய காட்சி வேறு யாரிடமும் இல்லை.

அதனால் நான்கு டிஸ்க் பொருத்தும் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துப் பலரும் பயன்படுத்தும் சேமிப்புக் கருவி) ஒன்று வாங்க நினைக்கிறோம். இருவரும் ஒரே நேரத்தில் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் அதிலிருந்தே எடிட் செய்ய வேண்டும். முடித்த படங்களைக் கீழே கூடத்து டிவியில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டவும் வேண்டும். முன்னோட்டமாகத் தம்பியின் கணினியில் உள்ள எஸ்எஸ்டியிலிருந்து என் கணினிக்கு ரவுட்டர் கேபிள் வழியே நகலெடுத்துப் பார்த்தேன்; வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. நாஸ் வாங்கினாலும் இதே வேகம்தான் கிடைக்குமா? எந்த மாடல் எங்களுக்குப் பொருந்தும்?

மறுமொழி 1

மாடலைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த 11 என்ற எண்ணைக் கவனியுங்கள். எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பின் உச்சமே 12.5 மெகாபைட்தான், நடைமுறையில் 11 சொச்சம் கிடைக்கும். ஆகவே உங்கள் இரு கணினிகளுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது. ரவுட்டரின் போர்ட்டுகளே அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளில் ஒன்று முனையில் சரியாகப் பதியாமலும் இருக்கலாம். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கோ (1000 மெகாபிட்) எட்டும் வேண்டும் என்பதால், ஒரு கம்பி விட்டுப்போனால்கூட எந்த எச்சரிக்கையும் தராமல் வேகம் இறங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை விலையுள்ள நாஸ் வாங்கினாலும் பயனில்லை.

அடுத்தது உங்கள் தேவை. ஒரு கேமராவின் ஃபுட்டேஜ் நொடிக்கு 12.5 மெகாபைட், இரண்டு கேமராக் காட்சிகளையும் டைம்லைனில் அடுக்கி இருவரும் ஓட்டினால் 50 மெகாபைட். கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 110 கிடைக்கும் என்பதால், கணக்கின்படி அது போதும். ஆனால் எடிட்டிங்கில் யாரும் நேராக ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்போம். இருவர் இரண்டு திருமணங்களை அப்படி இழுக்கும்போது டிஸ்கின் முனை அங்குமிங்கும் தாவ வேண்டியிருப்பதால் வேகம் வெகுவாகக் குறையும். நாளை புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவத்தின் பக்கம் போனால், 4கே 25 ஃபிரேமுக்கு ஒரே காட்சிக்கே நொடிக்கு 737 மெகாபிட், அதாவது 92 மெகாபைட் வேண்டும்.

எனவே 2.5 கிகாபிட் போர்ட் உள்ள நாஸையே வாங்குங்கள். சுவரைக் கொத்த வேண்டியதில்லை, ஏற்கெனவே பதித்தது கேட் 5இ கேபிளாக இருந்தாலும் 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட்டைத் தாங்கும். நடுவில் அதே வேகமுள்ள சுவிட்ச் ஒன்றும், கணினிகளில் அந்தப் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர்களும் தேவைப்படும். ரிசால்வின் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்), ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான பிரதிகள்) இரண்டையும் அவரவர் கணினியின் எஸ்எஸ்டியில் வையுங்கள். மூல ஃபுட்டேஜ் மட்டும் நாஸில் இருக்கட்டும். என் அனுபவத்தில் பாதித் தடங்கல் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்தது.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். டிவியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். எடிட்டிங்குக்கு நெட்வொர்க் வேகம் முக்கியம், நாஸின் பிராசசர் அவ்வளவு முக்கியமில்லை. டிவிக்கு இது அப்படியே தலைகீழ். டிவிக்குப் புரியாத வடிவத்தில் கோப்பு இருந்தால் நாஸ் அதை அந்த நேரத்திலேயே மாற்றித் தர வேண்டும். அந்த டிரான்ஸ்கோடிங் வேலைக்கு இன்டெல் சிப்பில் உள்ள கிராபிக்ஸ் பெரிதும் உதவும். சினாலஜி டிஎஸ்923+ நல்ல கருவிதான், ஆனால் அதில் உள்ள ரைசன் ஆர்1600 சிப்பில் கிராபிக்ஸ் கிடையாது. போர்ட்டுகளும் கிகாபிட்தான், 10 கிகாபிட்டுக்குத் தனிக் கார்டு வாங்க வேண்டும். க்யூநாப் டிஎஸ்-464 போன்றவற்றில் இன்டெல் செலரானும் இரண்டு 2.5 கிகாபிட் போர்ட்டுகளும் கூடவே வருவதால், உங்கள் இரட்டைத் தேவைக்கு அந்த வகையே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனாலும் படத்தைத் தயாரிப்பவர் நீங்களே என்பதால், டிவிக்குப் புரியும் எச்.264 எம்பி4 வடிவப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டால் டிரான்ஸ்கோடிங்கே தேவைப்படாது. நாஸில் உள்ள படங்களை டிவியில் காட்ட உதவும் ஜெல்லிஃபின் மென்பொருள் இலவசம், அதுவே போதும். இன்னொன்று, பல டிவிகளின் நெட்வொர்க் கேபிள் போர்ட் இன்றும் 100 மெகாபிட்தான். படம் திக்கினால் நாஸைச் சந்தேகிக்கும் முன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள்.

மறுமொழி 3

அந்தப் பாட்டியின் காட்சியைப் படித்ததால் எழுதுகிறேன். நாஸ் பேக்கப் ஆகாது. ரெய்டு 5 (பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, ஒரு டிஸ்க் அளவு இடத்தை மீட்புக்கென ஒதுக்கும் முறை) ஒரு டிஸ்க் பழுதடைவதை மட்டுமே தாங்கும். தவறுதலாக அழித்ததையும், திருட்டையும், இடி மின்னலையும் தாங்காது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த ஆயிரக்கணக்கான க்யூநாப் கருவிகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியே வாருங்கள், இணையத்திலிருந்து நேரே நுழையும்படி ரவுட்டரில் போர்ட்டைத் திறக்காதீர்கள்.

உங்கள் அளவில் இரண்டு கேமராவும் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு திருமணத்துக்கு 450 ஜிபி. ஆண்டுக்கு 25 திருமணம் என்றால் 11 டெராபைட்டுக்குச் சற்று மேல். நான்கு 8 டெராபைட் டிஸ்குகள் ரெய்டு 5இல் 24 டெராபைட் தரும். இரண்டு ஆண்டுக்கு வரும். டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் வகைதானா (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதது) என்று கேட்டு வாங்குங்கள். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்குகளிலும் எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வகை) இருந்தது 2020இல் தெரியவந்தது. பழுதடைந்த டிஸ்கை மாற்றி ரெய்டை மீட்டெடுக்கும்போது எஸ்எம்ஆர் டிஸ்குகள் மிகவும் திணறும். யுபிஎஸ் கட்டாயம், அதன் யுஎஸ்பி கேபிளையும் நாஸில் செருகினால்தான் மின்சாரம் போனதும் அது தானே முறையாக அணையும். அந்த ஒன்பது டிஸ்குகளில் நல்லவற்றை இரண்டாம் பிரதிக்கு வைத்து, வேறொரு வீட்டில் பாதுகாத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ரவுட்டர் கிகாபிட்தான். மாடிப்படிக்குக் கீழே கேபிளின் பிளக்கை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது, பழுப்பு நிறக் கம்பி ஒன்று உள்ளே எட்டாமல் பாதியிலேயே நிற்பது தெரிந்தது. முனையை வெட்டி, எட்டையும் சமமாக அடுக்கிப் புதுப் பிளக் போட்டதும் வேகம் 112 மெகாபைட்டுக்கு வந்துவிட்டது. 2.5 கிகாபிட் போர்ட்டும் இன்டெல் சிப்பும் உள்ள நான்கு டிஸ்க் நாஸ், நான்கு 8 டெராபைட் சிஎம்ஆர் டிஸ்க், யுபிஎஸ் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டாம் பிரதி மாமா வீட்டு பீரோவில் இருக்கும். அங்கே போய்ச் சேரும் வரை பழைய டிஸ்க் எதையும் அழிப்பதில்லை என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.