மண்சரிவில் போனவங்களுக்கு நினைவுப் பூந்தோட்டம்: சரிவு நிலத்தில் எப்படிப் போடுறது?

மலைமுகடு:
இடம் பதுளை மாவட்டம், கொஸ்லந்த பக்கம். 2014 மீரியபெத்த மண்சரிவில் போனவங்க நினைவாக, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பக்கத்துச் சரிவில் 20 அடிக்கு 30 அடி இடத்தில் பூந்தோட்டம் போட யோசனை. (வெறும் ‘தோட்டம்’ என்றால் நம்மாட்களுக்குத் தேயிலைதானே.) பழைய தேயிலை மண். ஒக்டோபர் 29 அன்று பூ இருக்கணும், வயசானவங்க உட்கார்ந்து பேச இடமும் வேணும். என்ன நடலாம், எதைத் தவிர்க்கணும்?

கான்வெட்டி:
செடி பிறகு, முதலில் தண்ணி. சரிவைக் குடைஞ்சு சமதரை எடுக்காதீங்க. அடியை வெட்டினால் மேல் மண்ணுக்குத் தாங்கல் போயிரும். புது வெடிப்பு, சாய்ஞ்ச மரம், கலங்கின ஊற்று, இதில் ஒன்று கண்டாலும் அந்த இடம் வேணாம். மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்களை வரவழைச்சுக் காட்டுங்க.

இடம் சரி என்றால் மேல்பக்கம் ஒரு கான் (வடிகால்) வெட்டி, பெரிய கானில் சேருங்க. 100 அடிக்கு 1 அடி வாட்டம் போதும். கூடினால் கானே அரிச்சு ஓடையாகும். வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே 4 முதல் 6 அங்குலத்துக்கு ஒன்றாக நடுங்க, ஒன்று பட்டுப்போனாலும் அந்த ஓட்டை வழியாத்தான் மண் போகும். நிழலில் தேறாது. அது மேல்மண் அரிப்பைத்தான் தடுக்கும். மலையே இறங்கினால் எந்தப் புல்லும் பிடிக்காது.

எஸ்டேட் நிலமா இருந்தால் தொரைகிட்ட (எஸ்டேட் மேலாளர்) எழுத்தில் அனுமதி வாங்குங்க. வாய்ச்சொல் தொரை மாறினால் மாறும்.

செண்டுப்பூ:
தேயிலை மண் புளிப்பு, பிஎச் 4.5 முதல் 5.5 வரை. செண்டு (துலுக்கச் சாமந்தி) அதில் மஞ்சளடிச்சு நிற்கும். நடுறதுக்கு மூணு கிழமைக்கு முன்னால சதுர மீட்டருக்கு 200 கிராம் டொலமைட் (புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள்) போட்டுக் கிளறுங்க. பச்சைச் சாணத்தோட சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாப் போயிரும். ஹைட்ரேஞ்சியாவுக்கு டொலமைட் வேணாம்: புளிப்பு மண்ணில்தான் பூ நீலம், இல்லாட்டி ரோஸ்.

செண்டு விதைச்சு 60 நாள் போலப் பூக்கும். ஆகஸ்ட் 25க்குள்ள நாற்றுமேடையில் விதைச்சு, நாலாவது கிழமை பிடுங்கி நடுங்க. அது கச்சான் (வறண்ட காத்து) அடிக்கிற நேரம், காலையும் மாலையும் தண்ணி வேணும். மற்றதெல்லாம் ஒக்டோபர் மழையோட.

அரளி, பொன்னூமத்தை அழகுதான், ஆனா இலையிலிருந்து விதை வரை விஷம். பிள்ளைங்க திரியிற இடத்துக்கு ஆகாது. மணிவாழைக் கிழங்கைக் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கிளறிப் போடும்.

மலைமுகடு:
நன்றி. நினைவுக்கு ஒரு தேயிலைச் செடி வைக்கலாமா?

செண்டுப்பூ:
வைக்கலாம். கொழுந்து எடுக்காம, கவ்வாத்துப் பண்ணாம (கிளையை வெட்டாம) விட்டால் மரமாகி, மஞ்சள் நடுவோட வெள்ளைப் பூப் பூக்கும். ஆனா ஆயுசுக்கும் கொழுந்து எடுத்தவங்க, ஓய்வா உட்காருற இடத்திலயும் அதையே பார்க்க விரும்புவாங்களா? அதை அந்த அம்மாமாரைத்தான் கேட்கணும்.

இருக்கை 18 அங்குல உயரம், முதுகுச் சாய்வோட. பாதை 3 அடி. சீமெந்தை வழவழப்பாப் பூசினால் பாசி பிடிச்சு வழுக்கும், விளக்குமாறால கீறி விடுங்க. பெயர்களைக் கருங்கல்லில் வெட்டுங்க. லெமினேட் படத்துக்குள்ள ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். உடல் கிடைக்காதவங்க பெயரும் அதே வரிசையில், அதே எழுத்தளவில்.

கான்வெட்டி:
ஒன்று விட்டுப்போச்சு, மழைமானி. பக்கம் நேரான பெரிய பிளாஸ்டிக் போத்தலை, வளைவுக்குக் கீழே நேரான இடத்தில் வெட்டி, மேல்பகுதியைப் புனல் மாதிரிக் கவிழ்த்து வையுங்க. அடியில் கல் போட்டு, நேரான பகுதி தொடங்குற வரை தண்ணி ஊத்துங்க. அதுதான் பூச்சியம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கோடு. மரம், கூரைக்குத் தள்ளி மட்டமா நிறுத்துங்க. தினம் காலை 8.30க்கு அளந்து, பழையபடி பூச்சியத்துக்குக் கொண்டுவாங்க.

24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. வந்தால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேறணும். கன மழையில் காலை வரை காத்திருக்காம மணிக்கொருக்கா பாருங்க. ஒரு கொப்பியும் டோர்ச்சும் பக்கத்து லயத்தில் இருக்கட்டும். மழைமானியைப் பெயர்க்கல்லுக்குப் பக்கத்திலயே நட்டு வைங்க, பூ வைக்க வர்றவங்க கண்ணில் அளவும் படும்.